எதிரே உட்கார்ந்து சொல்வது

ஜனவரி 7, திங்கள்

புத்தாண்டு விடுமுறை முடிந்து இசைத்துறை திறந்தது. மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன் என்பதால் எல்லோரும் கூடுதலாக ஒரு வணக்கம் வைக்கிறார்கள். ஓய்வு பெறும் பேராசிரியருக்குப் பெரிய அரங்கில் ஒரு மாலை ஒதுக்குவது எங்கள் துறை வழக்கம். எனக்கு மார்ச் 22. இதுவரை யாருக்கும் செய்யாத ஒன்றாக, அந்த மாலையில் பாதியை உதவிப் பேராசிரியர் சாரநாதனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ‘சோதனை இசையின் இரு முகங்கள்’ என்று அழைப்பிதழில் போடுவார்களாம். அறுபது வயதில் எனக்குக் கிடைத்தது அரை மாலை, ஒரு முகம்.

என் பாதியில் ‘நீர்மட்டம்’. மூன்று வருடமாக எழுதியது. ஆறு பித்தளை அண்டாக்களில் வெவ்வேறு அளவு தண்ணீர், அவற்றைத் தட்ட ஆறு மாணவர்கள், நடுவில் ஒரு மிருதங்கம். மிருதங்கம்தான் முதுகெலும்பு. சென்னையிலிருந்து ஒரு வித்வானைப் பேசியிருக்கிறேன். நாற்பத்தொரு பக்க இசைக்குறிப்பை, நொட்டேஷனை, மூன்று நிற மையில் எழுதி, வண்ணப் பிரதி எடுத்து, தபாலில் அனுப்பியாயிற்று.

மாடித் தொட்டி கழுவ ஆள் வந்தார். பாசி நிறைய இருந்ததாம்.

ஜனவரி 11, வெள்ளி

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அஞ்சுகம் சொன்னாள். மார்ச் கச்சேரியில் தன் உருப்படிக்கு மிருதங்கம் வாசிக்க முடியுமா என்று சாரநாதன் கேட்டானாம். சரி என்று சொல்லிவிட்டாளாம். தயிர்க்காரரிடம் நாளைக்குக் கூடுதலாக ஒரு பாக்கெட் சொல்லியிருக்கிறேன் என்பதுபோலச் சொன்னாள்.

அஞ்சுகம் என் மனைவி. இதை என் நாட்குறிப்பில் எழுத வேண்டிய அவசியமில்லை, ஆனால் இன்று எழுதத் தோன்றுகிறது. திருவாரூர்ப் பக்கத்துத் தவில்காரர் மகள். நடக்கப் பழகியதும் அப்பா மடியில் உட்கார்ந்து தகதிமி என்று சொற்கட்டு சொன்னவள். மிருதங்கத்தில் அவள் கை விழுந்தால் பாடகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நானோ பாளையங்கோட்டை ஆலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவன். எழுத்துப் படிக்கும் முன் நொட்டேஷன் படித்தேன்.

கல்யாணமான புதிதில் என் முதல் உருப்படியின் தாள்களை அவளிடம்தான் கொடுத்தேன். மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, “இது எனக்கு வராதுங்க” என்று திருப்பித் தந்தாள். வராது என்றால் பிடிக்கவில்லை என்று பொருள். நான் மரியாதை தெரிந்தவன், அதன்பின் இருபத்தேழு வருடமாகக் கேட்கவில்லை. ஆனால் எழுதிய ஒவ்வொன்றிலும் ஒரு மிருதங்கம் வைத்தேன். ஒவ்வொன்றையும் வேறு யாராவது வாசித்தார்கள்.

அவளுக்கு நொட்டேஷன் புரியாது என்றும் சொல்ல முடியாது. நான் பியானோ வாசித்த நாட்களில் பக்கத்தில் நின்று, சரியான இடத்தில் பக்கம் திருப்பித் தந்தவள்.

மகிழ்ச்சி என்று சொன்னேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி அவரைக்காயைப் பார்த்தாள்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என் பொறுப்பு, பொங்கல் அவள் பொறுப்பு. சாரநாதன் ஒரு கட்டுக் கரும்போடு வந்து நின்றான். முப்பத்தாறு வயது, குறுந்தாடி, தோளில் எப்போதும் ஒரு மைக் பை. என்னை ‘சார்’ என்கிறான், அவளை ‘அக்கா’ என்கிறான். என்னோடு எட்டு வருடம் வேலை பார்த்தவனுக்கு நான் இன்னும் சார். அவளோடு பழகி எட்டு நாள் இருக்குமா?

பால் பொங்கும்போது மைக்கை எடுத்துப் பானைக்கு நேராக நீட்டினான். அஞ்சுகம் சிரித்தாள். அந்த யோசனை எனக்குத் தொண்ணூற்றெட்டிலேயே வந்தது. சுத்தத்தை நினைத்துத்தான் செய்யவில்லை.

சர்க்கரைப் பொங்கல் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஜனவரி 24, வியாழன்

சாரநாதனின் உருப்படிக்குப் பெயர் ‘சத்திரம்’. எங்கள் ஊர்ச் சத்திரம் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் போய் நின்று, கண்டக்டர்களின் விசிலையும் ஊர்ப்பெயர் கூவலையும் பதிவு செய்து, வெட்டி ஒட்டியிருக்கிறான். அதற்கு மேலே மிருதங்கம். இதற்கு ஒரு பேராசிரியர் தேவையா, பேருந்து ஏறினால் போதாதா?

ஒத்திகை வாரத்தில் மூன்று நாள், மாலை நான்கு மணிக்கு, அவன் அறையில். அஞ்சுகம் இன்று பச்சைக் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு போனாள். அதை விசேஷ நாட்களுக்கென்று வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன், எந்த விசேஷத்துக்கும் கட்டியதில்லை.

மிருதங்கத்தின் இடது பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பினால்தான் அந்தக் கனமான சத்தம் வரும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ஒத்திகை நாளெல்லாம் அடுக்களை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி ரவை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகிறாள். என் வீட்டு ரவை சாரநாதன் இசைக்குப் போகிறது. எழுதும்போதே சின்னத்தனமாக இருக்கிறது, அதனால் கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

பிப்ரவரி 2, சனி

இன்று நான் ஒட்டுக் கேட்கவில்லை. அறிவிப்புப் பலகை அவன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பது என் குற்றமா? விடுதி உணவகத்தில் சனிக்கிழமை முட்டை கிடையாது என்ற அறிவிப்பை நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

உள்ளே மிருதங்கமே இல்லை. இரண்டு பேரும் வாயால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் “தகிட தகதிமி” என்று ஏதோ சொன்னான். அவள் அதையே திருப்பிச் சொன்னாள், கடைசியில் ஒன்றைக் கூட்டினாள். அவன் வேண்டாம் என்றான், வேறு மாதிரி சொன்னான். அவள் அதையும் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. பிறகுதான் வாசித்தாள். கதவு இடுக்கில் பார்த்தேன், மேஜை மேல் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. எழுதாததற்குப் பெயர் இசையமைப்பாம்.

அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். யோசித்தது தப்பு.

பிப்ரவரி 3, ஞாயிறு

காலையில் தோசை. ரவை தீர்ந்துவிட்டதாம்.

பிப்ரவரி 14, வியாழன்

சென்னை வித்வான் போனில் அழைத்தார். குரலிலேயே தெரிந்துவிட்டது. பங்குனி முகூர்த்தம், மச்சினர் வீட்டுக் கல்யாணம், தோளில் பிடிப்பு என்று மூன்று காரணங்களையும் ஒரே மூச்சில் சொன்னார். ஒன்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். கடைசியில், சார் தப்பாக நினைக்கக் கூடாது, அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாசிக்க இங்கே யாரும் இல்லை என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அண்டாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அறையில் ஆறும் வரிசையாக இருக்கின்றன. ஒன்றில் கொசு முட்டையிட்டிருக்கிறது.

துறைத் தலைவர் அறையில் விஷயத்தைச் சொல்லும்போது சாரநாதனும் இருந்தான். நல்ல மனதோடுதான் சொன்னான், அதுதான் பொறுக்க முடியவில்லை. “அக்காவையே கேளுங்களேன் சார். வீட்டுலயே இருக்காங்க.”

இவன் எனக்கு என் மனைவியைச் சிபாரிசு செய்கிறான்.

பிப்ரவரி 17, ஞாயிறு

‘நீர்மட்டம்’ மூலப் பிரதியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு மாதா கோவில் பக்கம் நடக்கப் போனேன். மறந்து வைத்ததுபோல வைத்தேன். அவள் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அவளாகக் கேட்க வேண்டும். நானாகக் கேட்டு இன்னொரு முறை ‘வராதுங்க’ என்று கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. மார்ச் 22-ல் அவள் மேடையில் இருப்பாள். என் பாதியிலும் இருக்க வேண்டும். இதைவிட வேறு ஒன்றும் எனக்கு இந்தப் பல்கலைக்கழகத்திடமிருந்து வேண்டாம்.

பிப்ரவரி 18, திங்கள்

ஃப்ரிட்ஜ் மேலே இருக்கிறது.

பிப்ரவரி 20, புதன்

எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கட்டைவிரல் ரேகை. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. மூன்று பக்கத்திலேயே சலித்துவிட்டது.

மாலையில் அவள் ஒத்திகைக்குப் போனாள். நான் துணி மடித்தேன். அவள் ரவிக்கையை ஏழு தடவை மடித்தும் சரியாக வரவில்லை.

பிப்ரவரி 26, செவ்வாய்

கேட்டுவிட்டேன். நினைத்திருந்த விதத்தில் அல்ல.

அவள் ஒத்திகையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, வாய்க்குள் ஏதோ சொற்கட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது என்னுடையதில்லை. எனக்குள் என்னவோ அறுந்தது. அவன் குப்பையை வாசிக்கத் தெரிந்த கைக்கு என்னுடையது மட்டும் ஏன் கசக்கிறது, அவன் அறையில் அப்படி என்ன இருக்கிறது, என் தாளை எதற்காக ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினாய் என்றெல்லாம் கேட்டேன். குரல் உயர்ந்திருக்கும். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் மிருதங்கத்தைச் சுவரோரம் மெதுவாக வைத்தாள்.

“ரசம் தெறிக்கும்னுதான் மேலே வெச்சேன்” என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். “எனக்கு அதைப் படிக்கத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

பக்கம் திருப்பினாயே என்றேன்.

“நீங்க தலையாட்டுவீங்க. நான் திருப்புவேன்.”

இருபத்தேழு வருடம் என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் முந்தானை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான வருடத்து மதுரைக் கருத்தரங்கில் நான் பேசியதைச் சொன்னாள். வாயால் மட்டும் பாடம் படித்தவர்களுக்கு நவீன இசையில் இடமில்லை, எழுத்தறிவு இல்லாதவர்கள் கச்சேரி மேடையோடு நின்றுகொள்ள வேண்டும் என்று நான் சொன்னபோது அரங்கம் கைதட்டியது. நன்றாக நினைவிருக்கிறது, பத்திரிகையில்கூட வந்தது. அவள் முதல் வரிசையில் இருந்தாள் என்பதுதான் நினைவில்லை.

“அதுக்கப்புறம் போய் உங்ககிட்ட தெரியலன்னு எப்படிச் சொல்றது?”

அவள் எழுந்தாள்.

“நாளைக்குச் சாயங்காலம் ஒத்திகை இல்ல. எனக்கு எதிர்ல ஒக்காந்து வாயால சொல்லுங்க. வாசிக்கிறேன்.”

பிப்ரவரி 27, புதன்

கூடத்தில் பாய் விரித்தாள். முழங்கால் சொடக்குப் போட நான் எதிரே உட்கார்ந்தேன். பிரதியை மடியில் வைத்திருந்தேன். அது எதற்கு என்று கேட்டாள். உங்களுடையதுதானே, சொல்லுங்கள் என்றாள்.

முதல் சுற்றைச் சொன்னேன். தகதிமி தகதகிட தகதிமி. அவள் கண்ணை மூடி அதைத் திருப்பிச் சொன்னாள், பிறகு வாசித்தாள். என்னுடைய பதின்மூன்று எண்ணிக்கை அவள் விரலில் நடந்தது. காகிதத்தில் அது நொண்டும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவள் வாசித்தபோது நொண்டவில்லை, நடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜலதோஷம் என்று சொன்னேன்.

இரண்டாவது சொன்னேன், மூன்றாவது சொன்னேன். நான்காவதில் கொஞ்சம் தடுமாறினேன், அவள் காத்திருந்தாள். ஐந்தாவது வரவில்லை.

அவள் தொடையில் தாளத்தைத் தட்டியபடியே இருந்தாள். எனக்கு ஐந்தாவது சுற்றின் சிவப்பு மை நினைவிருந்தது. பச்சை மையில் போட்ட அடிக்குறிப்பு நினைவிருந்தது. தாளின் எந்த மூலையில் அது வருகிறது என்பதும் நினைவிருந்தது. சத்தம் நினைவில்லை. மூன்று வருடமாக எழுதிய ஒன்றை நான் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. பிரதியைப் பிரிக்கக் கை போனது. அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, தாளம் தட்டுவதை மட்டும் நிறுத்தினாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். கேலி இல்லை. சின்ன வயதில் அவள் அப்பா பாடம் முடித்தால் இவள் அப்படித்தான் கேட்டிருப்பாள்.

நாற்பத்தொரு பக்கத்தில் எனக்கே தெரிந்தது நான்கு சுற்று. அதை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்துக் காட்டிவிட்டு, அரிசி களையப் போனாள்.

மார்ச் 5, செவ்வாய்

என் உருப்படியை நானே பாடம் செய்கிறேன். வளாகத்தில் நடந்துகொண்டே முணுமுணுக்கிறேன். மாணவர்கள் வழி விட்டு ஒதுங்குகிறார்கள், ஓய்வு நெருங்கினால் இப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். சொல்ல வராத இடங்களை வெட்டுகிறேன். எழுதியபோது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்த இடங்கள்தான் பெரும்பாலும் வெட்டுப்படுகின்றன.

வெட்கத்தை விட்டு சாரநாதனிடமே போய்க் கேட்டேன். இவ்வளவையும் தாளில்லாமல் எப்படி நினைவில் வைத்திருக்கிறாய் என்று. அவன் சிரித்தான்.

“அக்கா பண்ணின வேலை சார். மொத நாள் நானும் பேப்பரோடதான் போனேன். எனக்கு இது படிக்க வராது தம்பி, வாயால சொல்லுன்னுட்டாங்க.”

முதல் நாளே சொல்லிவிட்டாளாம். என்னிடம் சொல்ல இருபத்தேழு வருடம் ஆனதை அவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் அவனுக்கு வாசித்ததைவிட இதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. அவன் முன்னால் தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூசவில்லை. நான்தான் கூச வைக்கிறவன்.

நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். டீ சாப்பிடக் கூப்பிட்டான், போகவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

தினமும் மாலை அரை மணி நேரம் அவளுக்குச் சொல்கிறேன். அவள் சில இடத்தில் முகத்தைச் சுளிக்கிறாள். ஏன் என்று கேட்டால், வாயில் நிற்கவில்லையே என்கிறாள். நேற்று ஒரு சண்டை, பதினொன்றாவது சுற்றைப் பற்றி. நல்ல சண்டை. சாதம் குழைந்துவிட்டது.

இன்று சாரநாதன் ஒத்திகைக்கு அவள் சாதாரண நூல் புடவையில் போனாள். பச்சைக் கண்டாங்கி துவைத்துக் காய்கிறது. இதையெல்லாம் கவனிக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

மார்ச் 21, வியாழன்

அழைப்பிதழில் என் உருப்படி நாற்பது நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது பதினெட்டு நிமிடம். துறைத் தலைவர் கவலைப்பட்டார். மிச்ச நேரத்தைச் சாரநாதனே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

மார்ச் 23, சனி

நேற்று நடந்ததை இன்று காலை எழுதுகிறேன்.

முதலில் ‘சத்திரம்’. கீழே உட்கார்ந்து கேட்டேன். குறை கண்டுபிடிக்கவே கேட்டேன். மணப்பாறை, துறையூர், முசிறி என்று கூவல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது அஞ்சுகம் அவற்றின் அடியில் புகுந்து வாசித்தாள். ஊருக்குப் போகும் அவசரம் எனக்கே வந்துவிட்டது. நல்ல உருப்படி. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. அரங்கம் எழுந்து கைதட்டியது, நானும் எழுந்தேன்.

பிறகு நான். அண்டாக்களுக்கு நடுவில் பாய், அதில் அவள், எதிரே நான், கையில் தாள் இல்லை. நான் ஒரு சுற்றைச் சொல்வேன், அவள் அதை வாசிப்பாள், அண்டாக்கள் பதில் சொல்லும். முதல் சில சுற்றுகள் சரியாகப் போயின. பதினொன்றாவதில், நாங்கள் சண்டை போட்ட இடத்தில், எனக்குத் துடைத்தாற்போல மறந்துவிட்டது.

மாணவர்கள் தட்டுக் குச்சியோடு என்னைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை, தாளத்தில் தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். எழுதாத ஒன்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, பாளையங்கோட்டையிலிருந்தும் இல்லை, திருவாரூரிலிருந்தும் இல்லை. அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்து, சிரித்தாள். அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேனே, அந்தச் சிரிப்பு. பிறகு அதை வாசித்தாள், ஒரு அட்சரம் பிசகாமல்.

அதற்குப் பின் நடந்தது எனக்குச் சரியாகத் தெரியாது. கைதட்டல் ‘சத்திர’த்துக்குக் கிடைத்த அளவுக்கு இல்லை, அதைக் கவனித்தேன். சாரநாதன் மேடைக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு, பதினொன்றாவது சுற்றை எனக்குச் சொல்லித் தாருங்கள் சார் என்றான். பார்க்கலாம் என்றேன்.

இன்று காலை காபி குடிக்கும்போது அஞ்சுகமும் அதையே கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எவ்வளவு முயன்றும் எனக்கு வரவில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் எதிரே உட்கார்ந்து, முழுவதையும் எனக்குச் சொல்லிக் காட்டினாள். நான் திருப்பிச் சொன்னேன். ஒரு இடத்தில் தவறினேன், திருத்தினாள். மறுபடி சொன்னேன்.

மறந்துவிடும், எழுதி வைத்துக்கொள்கிறேன் என்று பேனாவை எடுத்தேன்.

“எழுதுனீங்கன்னா நான் சாரநாதன்கிட்டப் போயிடுவேன்” என்றாள்.

இத்தனை நாளும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. சிரிக்காமல் சொன்னாள், அதனால் விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. அந்தப் பதினொன்றாவது சுற்றை நான் வேறெங்கும் எழுதவில்லை, இங்கேயும் எழுதவில்லை.